மூக்கு மழுங்கினால் சூடு குறையும்: ஹைப்பர்சானிக் வேகத்தில் காற்று என்ன செய்கிறது?

கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. மாக் 5-க்கு மேல், அதாவது ஒலியைப்போல ஐந்து மடங்குக்கும் மேலான ஹைப்பர்சானிக் வேகத்தில், போகும் கலங்கள் அவ்வளவு சூடாவது காற்றோடு உரசுவதால்தானா என்பது ஒன்று. அப்படியென்றால் விண்ணிலிருந்து திரும்பும் கலத்தைக் கூராகச் செய்து காற்றைக் கிழித்துக்கொண்டு வரவிடாமல், கவிழ்த்த சட்டி மாதிரி ஏன் செய்கிறார்கள் என்பது இன்னொன்று.

உராய்வு என்பது பாதி விடைதான். கலத்தின் மூக்கில் விழும் சூட்டில் பெரும்பங்கு, காற்று விலக நேரமில்லாமல் அமுங்குவதால் வருகிறது. அப்படிப் பிறக்கும் வெப்பத்தில் எவ்வளவு காற்றோடு பின்னால் போய்விடுகிறது, எவ்வளவு கலத்துக்குள் இறங்குகிறது என்பதில்தான் கலம் பிழைப்பதும் உருகுவதும் இருக்கிறது.

பூமியைச் சுற்றும் கலத்தின் வேகம் விநாடிக்கு சுமார் 7.8 கிமீ. அந்த வேகத்தில் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறத்தாழ 30 மெகாஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ இரும்பை உருக்கி, கொதிக்கவைத்து, முழுவதும் ஆவியாக்கவே 10 மெகாஜூலுக்கும் குறைவாகத்தான் தேவை. ஆக, தரையிறங்கும்போது இந்த ஆற்றல் எல்லாம் கலத்துக்குள்ளேயே வெப்பமாக இறங்கினால் இரும்புக் கலம் மூன்று முறை ஆவியாகலாம். உண்மையில் திரும்பி வரும் கலத்துக்குள் இறங்குவது இதில் மிகச் சிறிய பங்கு. மிச்சமெல்லாம் காற்றைச் சூடாக்குவதில் போய்விடுகிறது.

ஒலியைவிட மெதுவாகப் போகும் விமானத்தின் முன்னால் இருக்கும் காற்றுக்கு அது வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். அழுத்த மாற்றம் ஒலியின் வேகத்தில் முன்னே பரவுவதால், காற்று மெல்ல விலகி வழிவிடும். ஒலியைத் தாண்டிவிட்டால் அந்தத் தகவல் போய்ச் சேர வழியில்லை. காற்று கடைசி நொடிவரை எதுவும் அறியாமல் இருந்து, ஒரு மெல்லிய அடுக்கில் திடீரென்று மறிக்கப்படுகிறது. அதுதான் அதிர்ச்சி அலை. தரைமட்டக் காற்றில் அதன் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதைக் கடக்கும் அந்தக் கணத்தில் காற்றின் அழுத்தம், அடர்த்தி, வெப்பநிலை மூன்றும் தாவி ஏறுகின்றன. மூக்கு நுனிக்கு நேர் எதிரே வரும் காற்று ஏறத்தாழ நின்றே போகிறது. ஓட்டத்தில் இருந்த ஆற்றல் முழுவதும் அங்கே வெப்பமாகிறது. கலத்தின் தோலை அது உரசவே வேண்டியதில்லை.

எவ்வளவு சூடு என்பதை மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மாக் எண்ணை வர்க்கப்படுத்தி, ஐந்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டுங்கள். சுற்றுக்காற்றின் கெல்வின் வெப்பநிலையால் அதைப் பெருக்குங்கள். 20 கிமீ உயரத்தில் காற்று சுமார் 217 கெல்வின், அதாவது மைனஸ் 56 டிகிரி செல்சியஸ். மாக் 2-இல் நின்ற காற்று 117 டிகிரிக்கு வந்துவிடும். அந்த வேகத்தில் பறந்த கான்கார்டு பயணி விமானத்தின் மூக்கு நுனிக்கு 127 டிகிரி என்று வரம்பு வைத்திருந்தார்கள், அதற்கு மேல் போனால் அலுமினிய உடல் தாங்காது. எஸ்.ஆர்.-71 உளவு விமானம் மாக் 3.2-இல் பறந்தது. அங்கே கணக்கு 390 டிகிரியைத் தொடும். அதனால்தான் அதை டைட்டானியத்தில் செய்தார்கள். மாக் 5-இல் ஆயிரம் டிகிரி தாண்டுகிறது. மாக் 7-இல் இரண்டாயிரம். வேகம் கூடும்போது வெப்பநிலை அதன் வர்க்கமாகக் கூடுவதுதான் இங்கே வில்லன்.

ஹைப்பர்சானிக் தொடங்குவது மாக் 5-இல் என்பது ஒரு வசதிக்காகப் போட்ட கோடு, அவ்வளவுதான். ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது நடப்பதுபோல அங்கே திடுமென்று எதுவும் மாறிவிடாது. ஆனால் ஏறத்தாழ அந்த வட்டாரத்தில், அதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட பல விஷயங்கள் ஒவ்வொன்றாகத் தலைதூக்குகின்றன. அதிர்ச்சி அலை உடலோடு ஒட்டிப் படிகிறது. எல்லை அடுக்கு, அதாவது கலத்தின் தோலை ஒட்டி வேகம் இழந்து நகரும் மெல்லிய காற்றுப்படலம், சூட்டால் உப்பித் தடித்து வெளி ஓட்டத்தையே தள்ளத் தொடங்குகிறது. இன்னும் மேலே போனால் காற்று காற்றாகவே இருப்பதில்லை.

மேலே சொன்ன மனக்கணக்கு உடைவதும் அங்கேதான். நிலவிலிருந்து திரும்பிய அப்போலோ கலம் விநாடிக்கு 11 கிமீ வேகத்தில் வந்தது. அந்தச் சூத்திரத்தை அப்படியே பயன்படுத்தினால் அதிர்ச்சி அலைக்குப் பின்னால் சுமார் 58,000 கெல்வின் என்று விடை வரும். உண்மையான மதிப்பு சுமார் 11,600 கெல்வின். அதுவும் சூரியனின் மேற்பரப்பைப் போல இரு மடங்குதான், ஆனால் சூத்திரம் சொன்னதில் ஐந்தில் ஒரு பங்கு. மிச்ச ஆற்றல் எங்கே போனது? மூலக்கூறுகளை உடைப்பதில் போனது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் மூலக்கூறு 2,500 கெல்வின் வாக்கில் பிளக்கத் தொடங்கி 4,000-இல் ஏறத்தாழ முழுவதும் அணுக்களாகிவிடுகிறது. நைட்ரஜன் அங்கே தொடங்கி 9,000 வரை பிளக்கிறது. அதற்கு மேல் எலக்ட்ரான்கள் கழன்று பிளாஸ்மாவாகிறது. ஒவ்வொரு பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் செலவாகிறது, அந்த அளவுக்கு வெப்பநிலை தணிகிறது. அப்போலோ திரும்பும்போது சில நிமிடங்கள் ரேடியோ தொடர்பு அறுந்துபோனதும் இந்த எலக்ட்ரான் கூட்டத்தால்தான்.

இந்த வேதியியல் சூட்டோடு நின்றுவிடுவதில்லை, கலத்தின் சமநிலையையும் கெடுக்கும். 1981 ஏப்ரலில் கொலம்பியா விண்வெளி ஓடம் முதன்முறை திரும்பியபோது, அதன் அடிப்புறப் பின்மடிப்பை, அதாவது வால் பக்க அடியில் இருக்கும் அசையும் தட்டை, 7, 8 டிகிரி சாய்த்தால் போதும் என்று கணித்திருந்தார்கள். உண்மையில் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளாமல் இருக்க 16 டிகிரி வரை சாய்க்க வேண்டியிருந்தது. காற்றுச்சுரங்கத்தில் சோதித்த காற்று உடையாத காற்று, மேலே சந்தித்ததோ உடைந்த காற்று. அடிப்புறத்தில் அழுத்தம் பரவிய விதமே மாறிவிட்டது. மடிப்பு அதற்கு மேலும் சாய இடமிருந்ததால் தப்பித்தார்கள். விண்வெளி ஓடத்தின் வரலாற்றில் வெடிப்பும் சிதறலும் மட்டுமே பேசப்படுகின்றன. இந்த 16 டிகிரி அதிகம் பேசப்படாத ஒரு மயிரிழை என்பேன்.

இப்போது மழுங்கல் மூக்குக்கு வருகிறேன்.

1950-களின் தொடக்கத்தில் நீண்டதூர ஏவுகணைகளின் முனைகளுக்கு எல்லோரும் கூர்மையான வடிவங்களையே வரைந்துகொண்டிருந்தார்கள். 1951 வாக்கில் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஜூலியன் ஆலன் தலைகீழாக யோசித்தார். ஆல்ஃபிரட் எகர்ஸோடு சேர்ந்து அவர் போட்ட கணக்கு பல ஆண்டுகள் ரகசியமாகவே இருந்தது. கணக்கின் சாரம் இது: கலம் இழக்கும் இயக்க ஆற்றலில் கலத்துக்குள் வெப்பமாக இறங்கும் பங்கு, மொத்தக் காற்றிழுவையில் உராய்வு இழுவை எவ்வளவு என்ற விகிதத்தில் ஏறத்தாழ பாதி.

இதை நிதானமாகப் படித்தால் விடை தானாகவே விழும். கூரான, மெலிந்த உடலில் அழுத்தத்தால் வரும் இழுவை குறைவு. இழுவையில் கணிசமான பங்கு தோலை ஒட்டிய உராய்வு. எனவே இழந்த ஆற்றலில் கணிசமான பங்கு தோல் வழியாக உள்ளே வருகிறது. மழுங்கலான உடலில் அழுத்த இழுவை மிகப் பெரிது, அதன் முன் உராய்வு ஒரு பொருட்டே இல்லை. வலுவான அதிர்ச்சி அலை உடலிலிருந்து சற்று விலகி முன்னால் நிற்கிறது. அங்கே சூடாகும் காற்றில் பெரும்பகுதி கலத்தைத் தொடாமலேயே இருபுறமும் வழிந்து பின்னால் போய்விடுகிறது. காற்றை அதிகம் எதிர்ப்பதுதான் சூட்டிலிருந்து தப்பும் வழி. இழுவை கூடினால் இன்னொரு லாபமும் உண்டு: காற்று மெலிதாக இருக்கும் உயரத்திலேயே வேகம் பெருமளவு குறைந்துவிடும்.

நுனியில் விழும் வெப்பத்துக்கும் ஒரு எளிய உறவு இருக்கிறது. அது மூக்கின் வளைவு ஆரத்தினுடைய வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். ஆரத்தை நான்கு மடங்காக்கினால் நுனிச்சூடு பாதியாகும். காற்றின் அடர்த்தியோ வர்க்கமூலமாகவும், வேகமோ மும்மடி அடுக்காகவும் சூட்டை ஏற்றுகின்றன. வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. இந்த உறவில் ஆரம் பூஜ்யத்தை நெருங்கினால் சூடு எல்லையில்லாமல் போகும் என்று தெரிகிறது அல்லவா? நடைமுறையில் கூரான நுனி உருகித் தானாகவே மழுங்கிவிடும்.

ஒரு விதிவிலக்கு. விநாடிக்கு 11, 12 கிமீ தாண்டினால் ஒளிரும் காற்றே கதிர்வீச்சாகக் கலத்தைச் சுடத் தொடங்கும். அங்கே மழுங்கல் பாதகமாகவும் மாறலாம், ஏனென்றால் முன்னால் நிற்கும் எரியும் படலம் தடிமனாகிறது. 1995 டிசம்பரில் வியாழன் கோளுக்குள் பாய்ந்த கலிலியோ ஆய்வுக்கலம் இதன் உச்சம். விநாடிக்கு 47 கிமீ வேகம். 339 கிலோ கலத்தில் 152 கிலோ வெப்பக் கவசமே. அதில் சுமார் 80 கிலோ உள்ளே நுழையும்போதே தீய்ந்து பறந்தது.

கவசங்களில் இரண்டு வகை. அப்போலோ, கலிலியோ போன்றவற்றில் கவசம் தன்னையே தின்னக் கொடுத்துக் காக்கிறது. பிசின் சூட்டில் சிதைந்து வாயுவாகிறது, கரியான மேல்தோல் மிஞ்சுகிறது. வெளியே கசியும் வாயு எல்லை அடுக்கைத் தோலிலிருந்து தள்ளிவிடுகிறது, கரி வெப்பத்தைத் திருப்பிக் கதிர்வீசுகிறது. இன்னொரு வகை விண்வெளி ஓடத்தினுடையது. எதையும் இழக்காமல், சூடாகி, ஒளிர்ந்து, வாங்கியதைத் திருப்பி வீசிவிடுவது. வீசும் ஆற்றல் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்காகக் கூடுவதால் இது சாத்தியமாகிறது. விழும் வெப்பம் இரட்டித்தாலும் தோலின் வெப்பநிலை 19 விழுக்காடுதான் ஏறும். அடிப்புறம் முழுவதும் கறுப்பாக இருந்ததற்கும் இதுதான் காரணம்.

விண்வெளி ஓடத்தின் அந்த அடிப்புறத்தை மூடியிருந்த ஓடுகள் சிலிக்கா இழைகளால் ஆனவை. கன அளவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெறும் இடைவெளி. 1,260 டிகிரி உலையிலிருந்து எடுத்த ஓடு ஒன்றை, நடுப்பகுதி இன்னும் செக்கச்செவேலென்று ஒளிரும்போதே, சில விநாடிகளில் விளிம்புகளைப் பிடித்து வெறுங்கையால் தூக்கிக் காட்டுவார்கள். விளிம்பும் மூலையும் சட்டென ஆறிவிடும், உள்ளே இருக்கும் சூடு விரலுக்கு வந்துசேர வழியே இருக்காது. ஆனால் 1,650 டிகிரி வரை போன மூக்கிலும் இறக்கை முன்விளிம்பிலும் ஓடு தாங்காது, அங்கே கார்பன் இழையால் வலுவூட்டிய கார்பன் தகடுகள். 2003-இல் ஏவுதலின்போது கழன்ற நுரைத்துண்டு கொலம்பியாவின் இடது இறக்கையில் உடைத்தது அப்படி ஒரு தகட்டைத்தான். பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது அந்தத் துளை வழியே புகுந்த சூடான வாயு உள்ளிருந்த அலுமினியச் சட்டத்தைத் தின்றது. ஏழு பேரும் இறந்தார்கள்.

ஓட்டின் மேல்பூச்சில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அதிர்ச்சி அலையில் பிளந்த அணுக்கள் தோலை வந்து தொடும்போது மறுபடி சேர்ந்தால், பிளக்கச் செலவான ஆற்றல் அப்படியே தோலில் இறங்கும். மேற்பரப்பு இந்தச் சேர்க்கைக்கு வினையூக்கியாக இருந்தால் சூடு கூடும். ஓடுகளின் மேல் இருந்த கண்ணாடிப் பூச்சு அதற்கு அதிகம் துணைபோகாது. இதைப் பறக்கவிட்டே சோதித்தார்கள்: தொடக்கப் பறப்புகளில் சில ஓடுகளுக்கு மட்டும் நன்கு வினையூக்கும் பூச்சு பூசினார்கள். பக்கத்து ஓடுகளைவிட அவை தெளிவாகவே அதிகம் சூடாயின. ஒரே காற்று, ஒரே வேகம், பூச்சு மட்டும் வேறு.

உராய்வு பாதி விடை என்றேன், அந்தப் பாதி பக்கவாட்டில் இருக்கிறது. நுனியைத் தாண்டிய பின், உடலை ஒட்டிய எல்லை அடுக்கில் காற்று தோலுக்கு அருகே நிற்கிறது, சற்றுத் தள்ளிப் பல மாக்கில் ஓடுகிறது. இந்த இழுபறியில் பாகுநிலை, அதாவது காற்றின் அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்திழுக்கும் தன்மை, வழியாகப் பிறக்கும் வெப்பம் உண்மையான உராய்வு வெப்பம். இங்கே எல்லாம் எல்லை அடுக்கு வரிச்சீர் ஓட்டமாக (அடுக்கடுக்காகச் சீராக வழுக்கும் ஓட்டமாக) இருக்கிறதா, சுழற்சி ஓட்டமாக (சுழன்று கலையும் ஓட்டமாக) மாறிவிட்டதா என்பதைப் பொறுத்தது. மாறிவிட்டால் தோலில் இறங்கும் சூடு பல மடங்கு கூடிவிடும். மாற்றத்தைத் தூண்ட ஒரு சிறு மேடு போதும்.

2005 ஆகஸ்டில் டிஸ்கவரி ஓடத்தின் வயிற்றில் ஓடுகளுக்கு இடையே செருகியிருந்த இரண்டு நிரப்புத் துண்டுகள் இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தன. அப்படியே இறங்கினால் சுழற்சி ஓட்டம் வழக்கத்தைவிட முன்னதாகத் தொடங்கிவிடுமோ என்று அச்சம். ஸ்டீவ் ராபின்சன் என்ற விண்வெளி வீரரை ரோபோக் கையின் நுனியில் நிற்கவைத்து ஓடத்தின் அடியில் கொண்டுபோனார்கள். அவர் இரண்டையும் கையாலேயே மெல்ல இழுத்து எடுத்துவிட்டார். 2009-இல் அதே டிஸ்கவரியில் ஒரு ஓட்டின் மேல் வேண்டுமென்றே சுமார் 6 மில்லிமீட்டர் மேடு வைத்து அனுப்பி, அதன் பின்னால் சூடு எப்படி விரிகிறது என்று வெப்பமானிகளாலும், கீழே பறந்த விமானத்தின் அகச்சிவப்புக் கேமராவாலும் பார்த்தார்கள். இந்த மாற்றம் எந்த இடத்தில், எப்போது நடக்கும் என்று முன்கூட்டியே துல்லியமாகச் சொல்வது இன்றுவரை இத்துறையின் கடினமான வேலை. மாக் எண் உயர்ந்தால், எல்லை அடுக்குக்குள் சிறைப்பட்ட ஒலி அலைகள் வளர்ந்து ஓட்டத்தைக் குலைக்கின்றன. மெதுவான ஓட்டங்களில் தோலைக் குளிரவைத்தால் ஓட்டம் நிலைப்படும். இந்த அலைகளுக்கோ குளிர்ந்த தோல் தூபம் போடுகிறது.

இன்னொரு ஆபத்து, ஒரு அதிர்ச்சி அலை இன்னொன்றின் மேல் விழுவது. 1967 அக்டோபர் 3 அன்று எக்ஸ்-15 என்ற ராக்கெட் சோதனை விமானத்தைப் பீட் நைட் என்ற விமானி மாக் 6.7 வரை ஓட்டினார். விமானத்தின் அடிவாலில் ஒரு போலி ராம்ஜெட் எஞ்சினை (எதிரே பாயும் காற்றைப் பறக்கும் வேகத்தாலேயே அமுக்கி எரிக்கும் வகையின் மாதிரியை) தொங்கவிட்டிருந்தார்கள். அந்த எஞ்சினின் அதிர்ச்சி அலை, அதைத் தாங்கிய அடிவாலின் முன்விளிம்பில் போய் மோதியது. மோதிய இடத்தில் மட்டும் சூடு பன்மடங்காகி, உலோகத்தில் ஓட்டைகள் விழுந்தன. எஞ்சின் கழன்றே போய்விட்டது. நைட் பத்திரமாக இறங்கினார். அந்த விமானம் அதன்பின் பறக்கவில்லை. விமானம் முழுவதும் இளஞ்சிவப்பு நிறத்தில் வெப்பம் தாங்கும் பூச்சு பூசியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அலைகள் குவிந்த அந்தச் சிறு இடத்தில் பூச்சு ஒன்றும் செய்ய முடியவில்லை.

திரும்பும் கலங்களுக்கு மழுங்கல் ஒரு அருமையான தப்பிக்கும் வழி. வளிமண்டலத்துக்குள்ளேயே நெடுந்தூரம் ஹைப்பர்சானிக்கில் பறக்க வேண்டிய வாகனங்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. நெடுந்தூரம் போக இழுவை குறைய வேண்டும், எனவே விளிம்புகள் கூராக இருக்க வேண்டும். ஒலியைவிட வேகமாக ஓடும் காற்றிலேயே எரிபொருளை எரிக்கும் ஸ்க்ராம்ஜெட் எஞ்சினின் வாய் உதடும் கூராக இருந்தால்தான் காற்றைச் சரியாக விழுங்கும். திரும்பும் கலத்துக்கு உச்சச் சூடு சில நிமிடங்கள்தான், இவற்றுக்கோ பறக்கும் நேரம் முழுவதும். சிலிக்கா ஓடு மாதிரி வெப்பத்தைத் தாமதப்படுத்தி ஏமாற்றுவது இங்கே செல்லாது, தாமதமாக வந்தாலும் சூடு உள்ளே வந்தே தீரும். செய்திகளில் மாக் எண்ணை மட்டும் பெரிதாகப் போடுகிறார்கள். எத்தனை நிமிடம் தாங்கியது என்று நான் முதலில் பார்ப்பேன்.

2011 ஆகஸ்டில் எச்.டி.வி.-2 என்ற அமெரிக்கச் சோதனைக் கலம் மாக் 20 வாக்கில் சறுக்கிப் பறந்து, சுமார் 9 நிமிடங்களில் தொலைந்தது. மேல்தோல் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உரிந்ததால் எழுந்த அதிர்ச்சி அலைக் குலுக்கல்கள் ஒன்றைவிட ஒன்று பலமாகி, கட்டுப்பாட்டு அமைப்பு சமாளிக்கும் எல்லையைக் கடந்துவிட்டதாக விசாரணைக் குழு முடிவு செய்தது. 2013 மே மாதம் எக்ஸ்-51ஏ என்ற ஸ்க்ராம்ஜெட் சோதனைக் கலம் மாக் 5.1-இல் மூன்றரை நிமிடம் எஞ்சினை எரியவைத்தது. அதன் எஞ்சின் சுவர்களுக்குள் எரிபொருளே ஓடி, எரிவதற்கு முன் சுவரின் சூட்டை வாங்கிக்கொண்டது. எரிபொருள் எவ்வளவு சூடு வாங்க முடியுமோ அதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் சிதைந்து குழாய்களில் கரி படியும். ஹைட்ரஜன் அதிகம் வாங்கும், ஆனால் அடர்த்தி குறைவு என்பதால் பெரிய தொட்டி வேண்டும். பெரிய தொட்டி என்றால் பருத்த உடல், கூடுதல் இழுவை. மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் ஸ்க்ராம்ஜெட்கள் பெரும்பாலும் மாக் 7, 8-க்குக் கீழேயே நிற்பதற்கு இந்த வரம்பு ஒரு முக்கியக் காரணம்.